பூஜையில் இருந்த வில்லை

எங்கள் வீட்டில் அப்பாவைவிட அப்பாவின் வில்லைக்குத்தான் மரியாதை அதிகம். அப்பா தாலுகா கச்சேரியில் சேவகராக இருந்தார். சிவப்புத் துணியில் தைத்த டவாலியைத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் போட்டுக்கொள்வார். நெஞ்சுக்கு நேரே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளை வில்லை அதில் மாட்டியிருக்கும். மேலே ஒரு கிரீடம், அதைச் சுற்றிக் கொஞ்சம் எழுத்து. அந்த எழுத்தை அப்பாவுக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு அவர் தெருவில் இறங்கினால், எதிரே வருகிற பெரிய மனிதர்கள்கூட தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து டவாலியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால், அவர் வேறு ஆள். பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. அம்மா ஒரு பார்வை பார்த்தால் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவார். என்னை ஒருநாளும் அடித்ததில்லை, அதட்டியதும் இல்லை. இதையெல்லாம் வைத்து, ஊர் பயப்படுவது அப்பாவுக்கு அல்ல, வில்லைக்குத்தான் என்று எட்டு வயதில் நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

ஜெர்மன் சண்டை ஆரம்பிப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முந்தி நடந்தது இது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரிந்து வருகிற தென்கால் வாய்க்காலை ஒட்டி எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமானால் வாய்க்கால் கரையோடு வாழைத்தோப்புகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வழியில்தான் என் சத்துருக்கள் மூன்று பேர் இருந்தார்கள். முதல் ஆள் சுடலை. வண்டிக்காரர் மகன், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவன், தலையில் எப்போதும் ஒரு அழுக்குத் துண்டைக் கட்டியிருப்பான். மற்ற இரண்டு பேர் தோப்புக்காவல்காரரின் இரட்டைப் பிள்ளைகள். அவர்களில் யார் எவன் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அடி விழுகிறபோது அது பெரிய விஷயமாகவும் படாது.

அவர்கள் என்னை அடித்தது குறைவு. என்னிடம் இருப்பதைப் பிடுங்கி ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடுவார்கள், அவ்வளவுதான். சிலேட்டு, பலப்பம் வைக்கிற ஓலைப்பெட்டி, ஒருநாள் என் இடுப்பு வேட்டி. நான் நடுவில் நின்று இங்கேயும் அங்கேயும் ஓடுவேன். "வில்லை வருது, வில்லை வருது, வழி விடுங்கலே" என்று கத்துவார்கள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் அது. காலையில் கண் விழித்ததுமே அந்த வழியின் ஞாபகம் வந்து வயிற்றில் புளியைக் கரைக்கும். சோறு இறங்காது. சிலேட்டு உடைந்தபோது, தடுக்கி விழுந்துவிட்டேன் என்று வீட்டில் பொய் சொன்னேன். அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் என்ன செய்துவிடுவார், பாவம்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை வந்தது. அன்று எங்கள் பக்கத்தில் அவரவர் தொழில் செய்கிற சாமானைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துச் சாமிமுன்னால் வைப்பார்கள். மறுநாள் விஜயதசமியன்று பூஜை முடிந்து எடுக்கிறவரை அதை யாரும் தொடக்கூடாது. அம்மா அரிவாள்மனையையும் உலக்கையையும் வைத்துவிட்டதால் காய்கறியெல்லாம் முந்தின நாளே நறுக்கியாயிற்று. என் புதுச் சிலேட்டும் அங்கே இருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், மணைப்பலகையில், புளி போட்டுத் துலக்கிய வில்லை. சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, மேலே ஒரு செம்பருத்திப் பூ. வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிப்போனார். வெற்று மார்போடு, வாயைத் திறந்துகொண்டு. அம்மா அடுக்களையில் சாயங்காலச் சுண்டலுக்கு வேலையாக இருந்தாள். நான் வில்லையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாளைக் காலையில் பூஜை முடிந்ததும் அது அப்பாவின் நெஞ்சுக்குப் போய்விடும். இன்று மட்டும்தான் அது சும்மா இருக்கிறது. அதுவும் இன்றைக்குச் சாமியின் பலமும் சேர்ந்து ஏறியிருக்கிறது. ஒரே ஒரு தடவை அந்த மூன்று பேர் முன்னால் இதைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டால் போதும், என் ஆயுசுக்கும் தொந்தரவு இல்லை.

அதைத் தொலைத்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பாவோடு வேலை பார்த்த ஒரு சேவகர், தைப்பூசத்தன்று ஆற்றில் முழுக்குப் போடும்போது வில்லையைப் பறிகொடுத்துவிட்டார். சர்க்கார் சாமான் அது. மறுநாளே வேலை போயிற்று. அவர் சந்தையில் மூட்டை தூக்குவதை அம்மா எனக்குக் காட்டியிருக்கிறாள். அது ஞாபகம் வந்து அடுக்களைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பிறகு எடுத்தேன். பூவை மட்டும் மணைமேல் பத்திரமாக வைத்துவிட்டு வந்தேன்.

ஆணியிலிருந்து எடுத்து வில்லையைக் கொக்கியில் கோத்த டவாலி எனக்கு முழங்கால்வரை தொங்கியது. இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டிக்கொண்டேன். தோப்பு ஓரத்தில், கல்மடைக்குப் பக்கத்தில் வாய்க்கால் குறுகிப் போகிற இடத்தில் அவர்கள் இருந்தார்கள். சுடலை மாட்டைக் குளிப்பாட்டிக் கரையேற்றியிருந்தான். அவர்கள் வீட்டில் முன்பு இரண்டு மாடு. ஒன்று போன வருஷம் செத்துப்போய்விட்டது. எப்படிச் செத்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. மிச்சம் இருந்த அந்த வெள்ளை மாட்டின் நெற்றியில் பெரிதாகச் சந்தனப்பொட்டு வைத்து, கொம்பில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தான். இரட்டையர் எதிர்க்கரையில் உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தார்கள்.

நான் போய் நின்றேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. காலையில் அப்பா அம்மாவிடம் முணுமுணுத்தது ஒன்றுதான் வாயில் வந்தது.

"துரை முகாம் வருது" என்றேன்.

சுடலை திரும்பினான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. வில்லையைத்தான் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கையால் மாட்டின் கயிற்றை இழுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். மறு கை தானாகத் தலைக்குப் போய்த் துண்டை அவிழ்த்தது. நான் சந்தோஷத்தில் மூச்சுவிட மறந்து நின்றேன். நான் நினைத்தது எவ்வளவு சரி.

எதிர்க்கரையில் ஒருவன் சிரித்தான். "ஏலே, அது சேவகரு மவன்லா. அப்பன் வில்லையைத் தூக்கிட்டு வந்திருக்கான்."

அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது. சுடலை கையிலிருந்த துண்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். துண்டை மறுபடி தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மாட்டை ஒரு வாழையில் கட்டிவிட்டு, பைய நடந்து வந்தான். அவன் ஓடி வந்திருந்தால் நானும் ஓடியிருப்பேன். பைய வந்ததால் கால் நகரவில்லை. டவாலியைத் தலைவழியாக உருவி எடுத்தான். அதை அவனே மாட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினான். பிறகு நடு விரலை மடக்கி வில்லையை இரண்டு தட்டுத் தட்டினான். டொக், டொக்.

"ஏலே, துரை முகாம் வந்திருக்கு. மாட்டை அவுறு" என்றான். தொண்டையை அடைத்துக்கொண்டு, இழுத்து, மூக்கால் வருகிற ஒரு குரல். "அவுறுன்னா அவுறு. வாயைத் தொறக்காத."

இரட்டையர் கரும்பைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"யாருலே இது, தெரியுதா?" என்று என்னைக் கேட்டான்.

"தெரியாது" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

"உங்க அப்பன்லே. போன வருசம் துரையோட கூடாரத்தை ஏத்திக்கிட்டு ராதாபுரத்துப் பனங்காட்டுல மணலுக்குள்ள அடிச்சு ஓட்டுனாங்க எங்க மாட்டை. திரும்பி வரும்போது ஒண்ணுதான் வந்துச்சு."

"எங்க அப்பா அப்படிப் பேசமாட்டாரு" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவன் சொன்னதில் எனக்கு ஏறியது அது ஒன்றுதான். எங்கள் அப்பாவுக்குக் குரலே கிடையாது. இவன் வேறு யாரையோ பார்த்துவிட்டு வந்து பொய் சொல்கிறான்.

அவன் டவாலியைக் கழற்றித் தலைக்குமேல் ஒரு சுழற்றுச் சுழற்றி எதிர்க்கரைக்கு எறிந்தான். வில்லை வெயிலில் ஒருமுறை பளிச்சென்றது. நான் குறுக்கே கிடந்த பனந்தடிப் பாலத்தில் விழுந்தடித்து ஓடினேன். அந்தத் தடியில் பெரியவர்களே கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். நான் அக்கரை போனதும் அது இக்கரைக்கு வந்தது. இக்கரை வந்தேன், அக்கரை போயிற்று. "குடுங்கலே, சர்க்கார் சாமான்லே" என்று கெஞ்சினேன். "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று அந்த இரட்டையரைக்கூடக் கும்பிட்டேன். சந்தையில் மூட்டை தூக்குகிற மனிதரின் முதுகு கண்முன் வந்தது. அது அப்பாவின் முதுகாகத் தெரிந்தது. நான் போட்ட சத்தம் எனக்கே காதில் விழவில்லை.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, துணியை மட்டும்தான் இரட்டையரில் ஒருவன் பிடித்தான். வில்லை கொக்கியிலிருந்து கழன்று மடைக்கல்லில் ணங்கென்று மோதித் தண்ணீருக்குள் போயிற்று.

நான்கு பேருமே அப்படியே நின்றோம். தண்ணீர் கலங்கலாக, வேகமாக மடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. இரட்டையரில் ஒருவன் டவாலித் துணியைச் சுட்டதுபோலக் கீழே போட்டான். "செயில்ல போட்டுருவாங்கலே" என்றான். மறுநிமிஷம் இரண்டு பேரும் தோப்புக்குள் ஓடி மறைந்தார்கள்.

சுடலையும் ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து கயிற்றை என் கையில் கொடுத்தான். "பிடிலே. பயந்து எங்கனயும் ஓடிரும், விட்டுறாத" என்று சொல்லிவிட்டு மடையடியில் குதித்தான்.

எனக்கு மாடு என்றாலே பயம். அது என் பின்னால் நின்று கழுத்தில் மூச்சுவிட்டது. சந்தன வாசனையும் வைக்கோல் வாசனையும் சேர்ந்து வந்தது. சுடலை முங்கினான், வெறுங்கையோடு வந்தான், மறுபடி முங்கினான். ஒவ்வொரு தடவையும் அவன் மேலே வருகிறவரை நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். ஒருமுறை வெகுநேரம் வரவே இல்லை. மடை அவனை உள்ளே இழுத்துவிட்டது, வில்லையும் போயிற்று, சுடலையும் போயிற்று, நான் இனி இந்த மாட்டோடு எங்கே போவேன் என்று கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன். தோப்பில் வெயில் இறங்கி வாழை நிழல் நீண்டுவிட்டது. வீட்டில் விளக்கேற்றுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவன் தலை தெரிந்தது. மேலே தூக்கிய கையில் வில்லை. விரல் முட்டியெல்லாம் கல்லில் உராய்ந்து தோல் கிழிந்து ரத்தம் ஒழுகியது. தலைத்துண்டைப் பிழிந்து அதனால் வில்லையைத் துடைத்தான். கிரீடத்தின் ஓரத்தில் ஒரு நசுங்கல். கட்டைவிரலால் அதை அழுத்தி அழுத்திப் பார்த்தான். சரியாகவில்லை. பாலத்தைத் தாண்டிப் போய் டவாலியையும் எடுத்து வந்து, இரண்டையும் சேர்த்து என் கையில் கொடுத்தான்.

"உங்க அப்பாட்ட நான்னு சொல்லிறாத. எங்க மாட்டைக் கொண்டு போயிருவாரு" என்றான். பல் கிடுகிடுவென்று அடித்தது. அது தண்ணீரின் குளிர் என்றே எடுத்துக்கொண்டேன். "இனிமே உன்னைத் தொடமாட்டேன். மாட்டுத் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

மாட்டின் நெற்றியில், பொட்டுக்குமேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். உள்ளங்கையில் சந்தனம் ஒட்டிக்கொண்டது.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். உள்ளே அப்பா பூஜைக்கு முன்னால், வெறும் மணைப்பலகையையும் அதன்மேல் இருந்த செம்பருத்தியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நீட்டியதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சந்தனம் குங்குமம் எதுவும் அதில் இல்லை. நசுங்கலின்மேல் விரலை வைத்தார். அந்த விரல் நடுங்கியது, பிறகு கை முழுக்க நடுங்கியது. சற்று முன்னால்தான் கச்சேரியிலிருந்து ஆள் வந்து, முகாம் விடிந்ததும் துரைமார் தங்குகிற முசாபரி பங்களாவுக்கு வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். துரை நாளைக்கு நேருக்கு நேர் நின்று பார்ப்பார்.

"யாருப்பா இப்படிப் பண்ணுனது?" என்றார் அப்பா. வழக்கமான குரல். பக்கத்தில் நின்றதால்தான் கேட்டது.

அடித்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். தோப்பு வழியில் அவ்வப்போது அடி வாங்கினவன்தானே. ஆனால் அப்பாவின் கை நடுங்கிப் பார்த்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் தாங்கவில்லை. அது நிற்பதற்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும்போல் இருந்தது.

"சுடலை. வண்டிக்காரர் மகன். பிடுங்கித் தூக்கித் தூக்கி எறிஞ்சான்" என்றேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவன் முங்கி எடுத்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் எதற்காக அதை எடுத்துப் போனேன் என்று அப்பாவும் கேட்கவில்லை. கை நடுக்கம் நின்றுவிட்டது. அம்மா வில்லையை வாங்கித் திரும்பவும் துலக்கிச் சந்தனம் வைத்தாள். சுண்டல் கொடுத்தாள். தின்றேன்.

விடிந்ததும், பூஜை முடிகிறவரைகூடக் காத்திராமல், அப்பா வில்லையை எடுத்து மாட்டினார். நசுங்கின ஓரம் டவாலியின் மடிப்புக்குள் மறைகிறமாதிரி அம்மா ஒரு தையல் போட்டுக்கொடுத்தாள். "நீயும் வா" என்று என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை. பங்களாவில் துரையைக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். கீழத்தெருவில் திரும்பினபோதுதான் என் கால் பின்னியது.

வண்டிக்காரர் வீட்டுக்கு முன்னால் வண்டி கழுவிப் பொட்டு வைத்து நின்றது. பக்கத்தில் மாடு. வண்டிக்காரர் அப்பாவைப் பார்த்ததும் துண்டைக் கக்கத்தில் இடுக்கினார். வழியில் கண்டால் அப்பா அவரை "என்ன வே, சௌக்கியமா" என்றுதான் கேட்பார். நானே கேட்டிருக்கிறேன்.

அப்பா என் கையை விட்டார். நடு விரலை மடக்கி வில்லையை இரண்டு தட்டுத் தட்டினார். டொக், டொக்.

"ஏலே, துரை முகாம் வந்திருக்கு. மாட்டை அவுறு."

தொண்டையை அடைத்துக்கொண்டு, இழுத்து, மூக்கால்.

"ஒத்த மாடு, சேவகரய்யா" என்றார் வண்டிக்காரர். "போன தடவையும் எங்க மாடுதான் போச்சு. மேலத்தெருவுல நாலு சோடி நிக்குது. ஒரு வார்த்தை அங்கன..."

"அவுறுன்னா அவுறு. வாயைத் தொறக்காத."

சுடலை வாசலில் நின்றுகொண்டிருந்தான். விரல்களில் துணி சுற்றியிருந்தது. நான் அப்பாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவன் என்னைப் பார்ப்பான் என்று பயந்தேன். அவன் பார்க்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில்கூடப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு, அவனே போய் மாட்டை அவிழ்த்தான். சுற்றின விரலால் முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தான். மாடு அவனை முகர்ந்து பார்த்துவிட்டு அப்பாவின் பின்னால் வந்தது. அதன் நெற்றியில் பொட்டு கலைந்திருந்தது. நேற்று என் கை பட்ட இடம் அது.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான். சுடலை பேசிக் காட்டியதை அப்பா எங்கே கேட்டார்? ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியே பேசுகிறாரே. ஒருவேளை நேற்றுத் தோப்புக்குள் ஒளிந்து நின்று கேட்டிருப்பாரோ. கேட்டிருந்தால், அவன் முங்கி எடுத்ததையும் பார்த்திருப்பாரே. வழியெல்லாம் இதையே போட்டுக் குழப்பிக்கொண்டு நடந்தேன்.

மாடு ஒன்பதாம் நாள் நொண்டிக்கொண்டு திரும்பி வந்ததாக அம்மா சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை. தோப்பு வழியில் அதற்குப் பிறகு என்னை யாரும் தொடவில்லை. இரட்டையர் என்னைக் கண்டால் எழுந்து வழிவிட்டார்கள். சுடலை வாய்க்காலுக்கு அந்தப் பக்கமாகப் போய்விடுவான். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது.

ஆனால் காலையில் கண் விழித்ததும் வயிற்றில் புளியைக் கரைப்பது மட்டும் நிற்கவில்லை. சாயங்காலம் அப்பா டவாலியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத அந்தக் குரலில், "சாப்பிட வாய்யா" என்று என்னைக் கூப்பிடுவார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே நிற்பேன். வழியில் இனி யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும் எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்குப் புரியவில்லை.